லாடத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி

"அண்ணே, இந்த விளக்கை மட்டும் எப்படியாச்சும் அணைச்சு விட முடியுமா?"

ஏன் எரிகிறது என்று கேட்கவில்லை. அணைக்க முடியுமா என்றுதான் கேட்டார், எங்கள் புளோக்கில் மேல்மாடியில் குடியிருக்கும் அந்தத் தங்கச்சி. மூன்று வாரமாக மீட்டரில் மஞ்சள் விளக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும், கூட இரண்டு பிள்ளைகள். ஒரு டயர் கடையில் காட்டியிருக்கிறார். பார்த்தவர் சக்கரத்தின் பக்கம் குனியக்கூட இல்லையாம். "சென்சர் போச்சு, நாலையும் மாத்தணும்" என்று ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் கையில் இருந்த தே தாரேக் எனக்கே கசந்தது.

பழைய கிள்ளான் சாலைப் பக்கம் டயர் கடைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இப்போது முட்டி வலி, வேலை இல்லை. ஆனாலும் கம்போங் மேடான் ஒட்டுக்கடையில் மாலையில் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவர் காடிக் கதையோடு வந்துவிடுவார். தேத்தண்ணி அவர்கள் செலவு.

"விளக்கு எப்படி எரியுது?" என்றேன்.

"எப்படின்னா? மஞ்சளா எரியுது."

"அது இல்லம்மா. ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் போல மினுக்கி மினுக்கி, அப்புறம் நிலையா நிக்குதா? இல்ல, எடுத்த எடுப்புலயே நிலையா எரியுதா?"

யோசித்தார். மினுக்கியது மாதிரி தெரியவில்லை, போட்டதும் எரிந்தபடியேதான் இருக்கிறது என்றார்.

பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. பெரும்பாலான காடிகளில் இந்த விளக்குக்கு இரண்டு பாஷை. எடுத்ததும் நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று சொல்கிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலைத்தால், "எனக்கே கண் தெரியவில்லை, டயரைப் பற்றி என்னைக் கேட்காதே" என்கிறது. செத்த சென்சர் அப்படித்தான் மினுக்கும். தங்கச்சியின் விளக்கு மினுக்கவில்லை. அப்படியானால் சென்சர் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த விளக்கில் இருக்கும் படத்தை முதலில் பார்க்கிற பலருக்கு அது டயர் என்றே தோன்றாது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அடியில் பல் பல்லாகக் கோடு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. தங்கச்சியின் அம்மா அதைக் கொதிக்கிற சட்டி என்று நினைத்து, என்ஜின் சூடாகிவிட்டது என்று பயந்தாராம். டயரைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவம் அது. வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

இந்த விளக்குக்குக் கண் எங்கே இருக்கிறது என்பது காடிக்குக் காடி மாறும். ஒரு வகையில், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்றடிக்கிற வால்வோடு சேர்ந்தாற்போல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே அழுத்தமானி, பேட்டரி, ரேடியோ. புரோட்டான் எக்ஸ்70 மாதிரி நான்கு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகவே மீட்டரில் காட்டுகிறதென்றால் இந்த வகை. எண் காட்டாமல் வெறும் விளக்கு மட்டும் போடுகிறவையும் உண்டு. வால்வு ரப்பராக இல்லாமல், அடியில் நட்டு போட்ட உலோகத் தண்டாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே சென்சர் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு வகையில் சக்கரத்துக்குள் ஒன்றுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காடி எப்படியும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதையே வைத்துக் கணக்குப் போடும். அப்பா கையைப் பிடித்து நடக்கிற பிள்ளை, அதே தூரத்துக்கு நாலு எட்டு கூட வைக்கும் இல்லையா? காற்று இறங்கிய டயரும் அப்படித்தான், கொஞ்சம் குள்ளமாகிவிடுவதால் கூடுதலாகச் சுற்றும். சாதாரணக் காடி டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 சுற்று. இளைத்த டயர் அதைவிட ஒன்றிரண்டு சுற்று கூடச் சுற்றினாலே காடி மோப்பம் பிடித்துவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நான்கு டயரும் ஒரே அளவில் இளைத்தால் இதில் பல ஏமாந்துபோகும், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லையே.

பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் பொத்தானோ மெனுவோ இருக்கும். அமுக்கிப் பிடித்தால் விளக்கு அணையும். நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பும் இங்கேதான். அந்தப் பொத்தான் விளக்கை அணைக்க வைத்ததல்ல. "இப்போ இருக்கிற இந்த நிலைதான் சரி, இதை மனப்பாடம் பண்ணிக்கொள்" என்று காடிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பொத்தான். காற்றை அளக்காமல் அமுக்கினால் காலி டயரைச் சரியான டயர் என்று படித்துக்கொள்ளும். அதன் பிறகு வாய் திறக்காது.

"நான் காத்து அடிக்காமலா இருக்கேன் அண்ணே? எண்ணெய் போடுற இடத்துல அடிக்கிறேன்லா. ரெண்டு மூணு நாள்ல திரும்ப வந்துடுது."

"எத்தனை மணிக்கு அடிக்கிற?"

வேலை முடிந்து வரும்போது, மாலை ஐந்து, ஐந்தரைக்கு. சைபர்ஜெயாவிலிருந்து நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து, கொதிக்கிற தாரில் உருண்ட டயரில், இயந்திரத்தில் 230 என்று வைத்து அடித்திருக்கிறார். சில நேரம் டயரில் ஏற்கெனவே அதற்கு மேல் இருக்கும், இயந்திரம் காற்றை இறக்கி 230-க்குக் கொண்டுவந்து 'டிங்' என்று மணி அடிக்கும். இவரும் திருப்தியாகக் கிளம்பிவிடுவார்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் 230 கேபிஏ, அதாவது சுமார் 33 பிஎஸ்ஐ, ஆறின டயருக்கான கணக்கு. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயர். டயரின் சூடு பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 10 கேபிஏ ஏறும். வெயிலில் ஓடி 55 டிகிரிக்கு வந்த டயரில் 230 அடித்தால், விடிகாலை 25 டிகிரியில் அது கிட்டத்தட்ட 200-க்கு வந்து நிற்கும். குளிர் நாடுகளில், பனிக்காலம் வந்தால் இந்த விளக்கு எரியும் என்று எழுதி வைத்திருப்பார்கள். நமக்குப் பனி ஏது? நம் ஊரில் பனியின் வேலையை மாலை ஐந்து மணிப் பம்பு செய்துவிடுகிறது. வேறு வழியே இல்லாமல் சூட்டில் அடித்தால், எண்ணுக்கு மேலே ஒரு 20, 30 கூட்டி அடிக்கவேண்டும். காற்றை இறக்கவே கூடாது.

ஆனால் 200 என்பது மட்டும் விளக்கைப் போடாது. கால் பங்கு குறைந்தால் எரிந்தே ஆகவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் அளவு, 230-க்கு அது 172. ஆக, சூட்டில் அடித்தது பாதி, இன்னொரு பாதி எங்கோ கசிகிறது. ரெண்டு மூணு நாள் கணக்கும் அதற்குச் சரியாக இருந்தது.

டயரில் காற்று இறங்குவது புதிதல்ல. ஆணி குத்தாத நல்ல டயரே மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ விடும். என் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்ட ஊர்தான். பிறகு இதே ஊரில் டன்லப் டயர் தொழிற்சாலையும் இருந்தது. டயர் கடையில் சேர்ந்த புதிதில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், உங்க பால்தான் இவ்வளவு காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு என்று. பிறகுதான் தெரிந்தது, இயற்கை ரப்பர் வழியாகக் காற்று சுலபமாக நுழைந்து வெளியேறிவிடுமாம். ட்யூப் இல்லாத டயரின் உள்பக்கம் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, காற்றைப் பிடித்து வைப்பது அதுதான். அடி வாங்குவது, வளைவது, சூடு தாங்குவது, இவற்றில்தான் இயற்கை ரப்பருக்குப் பங்கு. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

தேத்தண்ணி இரண்டாவது கிளாஸ் வந்தது. "அப்போ இந்த விளக்கை எதுக்குத்தான் வச்சாங்க?" என்றார்.

அதற்குப் பின்னால் சாவு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற உயரமான காடிகள், ஃபயர்ஸ்டோன் டயர் பிய்த்துக்கொண்டு வேகத்தில் உருண்டன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். மொத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். டயர் கம்பெனி ஒரு காரணம் சொன்னது, காடிக் கம்பெனி இன்னொன்று சொன்னது. ஸ்டிக்கரில் 26 பிஎஸ்ஐ போட்டிருந்தது போதுமா என்பதே பெரிய சண்டை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அங்கே டயர்ச் சட்டம் வந்தது, 2007 செப்டம்பரிலிருந்து தயாரிக்கிற எல்லாப் புதுக் காடியிலும் இந்த விளக்கு கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும், நசுங்கி நிமிரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதே கதை. ஈப்போ போகிற நெடுஞ்சாலையில் மணிக்கு 110-இல், பின்னால் சாமான், பிள்ளைகள்.

தங்கச்சி கிளாஸைக் கீழே வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் அளந்தோம். என்னிடம் இருக்கும் கேஜ் சாதாரணமானது, ஐம்பது வெள்ளிகூட ஆகாது. முன் இரண்டும் 205. பின் வலது 200. பின் இடது 160. மூன்று டயர் சொன்னது மாலை ஐந்து மணிக் கதை, நாலாவது சொன்னது வேறு கதை.

முதலில் தரைபடுகிற பகுதி. விரலால் தடவிப் பார்த்து, பள்ளத்தில் இருந்த கல்லையெல்லாம் சாவியால் நோண்டி எடுத்தேன். காடியை அரை சுற்று நகர்த்தி மறைந்திருந்த பக்கத்தையும் பார்த்தேன். ஆணி இல்லை. இருந்திருந்தால் பிடுங்கியிருக்க மாட்டேன், அப்படியே கடைக்குத்தான் போயிருக்கவேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். விளிம்பைச் சுற்றி ஒன்றும் இல்லை. கடைசியாக வால்வு. பளபளவென்று ஒரு இரும்பு மூடி, அழகுக்காக வாங்கிப் போட்டது. திருக வரவில்லை, குறடு கேட்டது. சென்சர் தண்டு அலுமினியம். வேறு உலோக மூடி அதில் அரித்து ஒட்டிக்கொள்ளும், பலவந்தமாகத் திருகினால் தண்டே உடையும், அப்போது நிஜமாகவே சென்சர் வாங்கவேண்டி வரும். பிளாஸ்டிக் மூடிதான் நல்லது. மெல்ல அசைத்து அசைத்துக் கழற்றினேன். வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். இரண்டு நொடி சும்மா இருந்தது. பிறகு ஒரு குமிழி, மிளகு அளவு, கடலை அளவு, பட். மறுபடி ஒன்று.

"அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஊசி கால் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினேன், குமிழி நின்றது. சுங்கை சிப்புட் போவதற்கு முன் அந்த ஊசியை மாற்றிவிடு, நிக்கல் பூசியதாகக் கேட்டு வாங்கு, சும்மா பித்தளை போட்டால் அதுவும் அலுமினியத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். சில வெள்ளிதான்.

சென்சர் சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. அதன் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, பிசின் ஊற்றி மூடியிருக்கும். ஐந்திலிருந்து பத்து வருடம் ஓடும். டயர் கழற்றும்போது இயந்திரத்தின் கை பட்டு உடைவதும் உண்டு, எங்கள் கடையிலேயே நடந்திருக்கிறது. பஞ்சருக்கு அடைக்கிற நுரை உள்ளே போய் அதன் மூக்கை அடைத்துவிடும். விளிம்பை மாற்றிப் பெரிதாகப் போட்டவர்கள் சென்சரைப் பழைய விளிம்பிலேயே விட்டுவிட்டு, விளக்கு மினுக்குகிறது என்று வருவார்கள். ரீகண்டிஷன் காடி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஜப்பானிலிருந்து வந்ததில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்ததில் 433. மாற்றி வாங்கினால் புத்தம்புது சென்சர் கத்துவது காடியின் காதில் விழாது. செத்தது எது என்று சக்கரத்தின் அருகே கையடக்கக் கருவி வைத்துப் படித்துச் சொல்லும் போர்மனிடம் போகவேண்டும். ஒன்று செத்திருந்தால் ஒன்றை மாற்றலாம். காடி பத்து வருடம் ஆகியிருந்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குனிந்து பார்க்காமலே நாலையும் என்று சொல்கிறவரிடம் போகவேண்டாம்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற குட்டிப் பம்பால் நான்கையும் 230-க்கு ஏற்றினோம். என்ஜினைப் போட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா அண்ணே! சென்சர்தான்."

நிற்கிற காடியில் சென்சர் தூங்கும், பேட்டரியை மிச்சம் பிடிக்க. சக்கரம் சுற்றினால்தான் கண் விழித்துப் பேசும். "ஓட்டு" என்றேன். ஃபிளாட்டைச் சுற்றி வெளியே வந்து பழைய கிள்ளான் சாலையைப் பிடித்தோம். இரண்டாவது சமிக்ஞை விளக்கு தாண்டி, மூன்றாவதில் சிவப்புக்கு நிற்கும்போது பார்த்தால் மீட்டரில் லாடம் இல்லை. எப்போது அணைந்தது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திரும்பி வந்து, காடியின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னேன். தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் ஸ்பேர் டயர், வாங்கியதிலிருந்து தொடாதது. அதற்குள் சென்சர் கிடையாது, அதனால் அதற்காக எந்த விளக்கும் எரியாது. கேஜை வைத்தேன். 90.