மிரிஹான இரவும் ‘தீவிரவாதி’ என்ற சொல்லும்

2022 மார்ச் 31ஆம் திகதி வியாழக்கிழமை. நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்த நாள். பேருவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, தொலைபேசியில் மிச்சமிருந்த சார்ஜில் மிரிஹானயில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் தனிப்பட்ட இல்லத்துக்குச் செல்லும் பங்கிரிவத்தை வீதியில் மக்கள் கூடியிருந்தார்கள். கேஸ் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை என்பதுதான் அவர்களது கோபம். நேரம் செல்லச் செல்ல கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வந்தன. கல்வீச்சு நடந்தது. இராணுவ பஸ் ஒன்று தீப்பற்றி எரிந்தது.

மறுநாள் காலைச் செய்தியைக் கேட்டுவிட்டு உம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மகன், அங்க போனவங்கள்ல எங்கட ஆக்கள் யாரும் இருக்காங்களா?”

பஸ்ஸை எரித்தது யார் என்றோ, யாருக்குக் காயம் என்றோ அவர் கேட்கவில்லை. அவரது கவலை முழுவதும் ‘எங்கட ஆக்கள்’ பற்றியதாகவே இருந்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஓர் ஆர்ப்பாட்டம் வன்முறையாக மாறும்போது அரசியல்வாதிகள் தேர்ந்தெடுக்கும் சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்பதையும் புரிந்துகொள்ளலாம்.

அன்று வந்த அறிக்கை

ஏப்ரல் 1ஆம் திகதி வெளியான ஜனாதிபதி ஊடகப் பிரிவின் அறிக்கை, சம்பவத்தின் பின்னணியில் ஒழுங்கமைக்கப்பட்ட தீவிரவாதக் குழுவொன்று இருந்ததாகக் கூறியது. நாட்டில் ‘அரபு வசந்தம்’ ஒன்றை உருவாக்குமாறு அக்குழு கூட்டத்தைத் தூண்டியதாகவும் அதில் சொல்லப்பட்டது. அன்றைய அமைச்சர்கள் சிலரும் அதே தொனியில் பேசினார்கள்.

அரபு வசந்தம் என்பது, 2010 டிசம்பரில் துனீசியாவின் சிதி பூசித் நகரில் மொஹமட் புவஸீஸி என்ற தெரு வியாபாரி தனக்குத்தானே தீமூட்டிக்கொண்டதைத் தொடர்ந்து பல அரபு நாடுகளுக்குப் பரவிய எழுச்சி. வேலையின்மை, விலைவாசி, ஆட்சியாளர்கள் மீதான வெறுப்பு ஆகியவைதான் அதன் ஆரம்பக் காரணங்கள். அந்த அர்த்தத்தில் ஒப்பிட்டால் தவறில்லை. ஆனால், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நாட்டில், ‘தீவிரவாதம்’, ‘அரபு’ என்ற இரு சொற்களும் ஒரே அறிக்கையில் வந்தால் மக்கள் காதில் விழுவது வேறொன்று. இத்தனைக்கும் அன்று வீதிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த சிங்கள மக்கள்.

உம்மாவின் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

சொல்லுக்குப் பின்னால் வரும் சட்டம்

தலைவர்கள் கோபத்தில் ஏதோ சொல்கிறார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று நாம் நினைப்பதுண்டு. உண்மை அதுவல்ல. வன்முறைக்குப் பின் வரும் முதல் சொல், அடுத்து எந்தச் சட்டம் பாயப் போகிறது என்பதற்கு வழி திறக்கிறது.

ஒரு பஸ்ஸை எரித்தவரைத் தண்டிக்க சாதாரண சட்டமே போதும். தண்டனைச் சட்டக் கோவை இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துக்கள் தொடர்பான குற்றச் சட்டம் இருக்கிறது. அவற்றின் கீழ் கைதாகும் ஒருவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி பேசலாம். நீதவான் ஆதாரம் கேட்கலாம்.

‘தீவிரவாதி’, ‘பயங்கரவாதி’ என்று பெயர் வைத்துவிட்டால் கதவு வேறு பக்கம் திறக்கிறது. 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்பு அமைச்சரின் கையொப்பத்தோடு ஒருவரை ஒரே தடவையில் 90 நாட்கள் தடுத்து வைக்கலாம். அதை நீடித்துக்கொண்டும் போகலாம். 18 மாதங்களாக இருந்த உச்ச எல்லை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுக்கும் வாக்குமூலமே சாட்சியமாகலாம்.

இது எமக்குப் புதிய பாடமல்ல. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியில் பிணை பெறும் வரை சுமார் 22 மாதங்கள் உள்ளே இருந்தார். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதாகி 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அவர்கள் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட சொல்தான் அந்த மாதங்களை விழுங்கியது.

மிரிஹானயில் அந்தச் சொல் ஏன் ஒட்டவில்லை?

மிரிஹானயில் 50க்கும் அதிகமானோர் கைதானார்கள். மறுநாளே நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் பணம் எதுவும் வாங்காமல் அவர்களுக்காகத் திரண்டார்கள். வழக்கு நீதவான் முன் சாதாரண சட்டத்தின் வழியே சென்றது. ஒரு தொகுதியினருக்குப் பிணையும் கிடைத்தது.

அரசாங்கம் தன் வழியில் சென்றது. ஏப்ரல் 1ஆம் திகதி இரவு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சனிக்கிழமை மாலை முதல் திங்கள் காலை வரை ஊரடங்கு. ஞாயிறன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஆனால், ஊரடங்கு நேரத்திலேயே மக்கள் வீட்டு வாசல்களில் நின்று கோஷமிட்டார்கள். எதிர்க்கட்சி எம்பிக்கள் சுதந்திர சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். அன்றிரவே அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 5ஆம் திகதி இரவு அவசரகாலப் பிரகடனம் வாபஸ் பெறப்பட்டது.

கேஸ் வரிசையில் நின்றவனுக்குத் தான் தீவிரவாதி அல்ல என்று தெரியும். அதனால் அந்தச் சொல்லை அவன் நம்பவில்லை. 2019க்குப் பின் எம்மைப் பற்றி அதே சொல் சொல்லப்பட்டபோது பலர் நம்பினார்கள். ஏனெனில் அவர்கள் எம் இடத்தில் நிற்கவில்லை.

ஒரே செயல், வேறு வேறு பெயர்கள்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமையில் பொதுபல சேனாவின் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து அளுத்கமையிலும் தர்கா நகரிலும் பேருவளைப் பகுதியிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அப்போது அதிகம் கேட்ட சொல் ‘மோதல்’. இரு தரப்பும் சமமாக அடித்துக்கொண்டது போன்ற சொல் அது.

2022 மே 9ஆம் திகதி, அலரி மாளிகைக் கூட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள் காலிமுகத்திடல் போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். பதிலுக்கு நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. நிட்டம்புவயில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். அது அப்பட்டமான கொலை. போராட்டத்தின் பெயரால் அதை நியாயப்படுத்த முடியாது. ஜூலை 9ஆம் திகதி ரணில் விக்ரமசிங்கவின் வீட்டை எரித்ததும் குற்றமே. ஆனால் சில நாட்களில், பதில் ஜனாதிபதியாகப் பேசிய அவர் ‘பாசிசவாதிகள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆகஸ்ட் மாதம், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகே உட்பட மூவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 90 நாள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். 2023 ஜனவரி 31ஆம் திகதிதான் நீதிமன்றம் முதலிகேவை அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

எமது மௌனம்

இங்கேதான் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மூவரும் தடுத்து வைக்கப்பட்ட வாரம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நண்பர், “இந்தக் கம்பஸ் பொடியன்மாருக்கு நல்லா வேணும், கடையைத் திறக்க விட்டாங்களா?” என்றார். அவர் கடைக்காரர், அந்த வருடம் அவர் பட்ட நஷ்டம் எனக்குத் தெரியும். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. ஹிஜாஸ் உள்ளே இருந்தபோது, “ஏதோ செய்திருப்பார்தானே” என்று சொன்னவர்கள் மீது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! அதையேதான் நானும் இன்னொரு தாயின் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். ஒரு சட்டம் எமது பிள்ளைகள் மீது பாயும்போது மட்டும் அநீதியாகவும், பிறர் மீது பாயும்போது பாதுகாப்பாகவும் இருக்க முடியாது.

இனியும் இந்த நாட்டில் ஆர்ப்பாட்டங்கள் நடக்கும். சில வன்முறையாகவும் மாறும். அப்போது யார் அறிக்கை விட்டாலும், அது எமது கட்சித் தலைவராக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். யார், எதைச் செய்தார் என்று சொல்கிறாரா, அல்லது ஒரு கூட்டத்துக்கே பெயர் வைக்கிறாரா? அந்தச் செயலைத் தண்டிக்கச் சாதாரண சட்டம் போதாதா? இதே செயலைத் தன் ஆட்கள் செய்தபோது அவர் என்ன சொல் பாவித்தார்?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை அந்த அறிக்கையை வட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பது எம் எல்லோராலும் முடிந்த காரியம்.

அன்று காலை உம்மாவிடம், “இல்ல உம்மா, எங்கட ஆக்கள் இல்ல” என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். இன்று யோசிக்கும்போது அந்தப் பதில் தவறு என்று தோன்றுகிறது. கேஸ் இல்லாமல், கரண்ட் இல்லாமல் வீதிக்கு வந்த அந்த மக்களும் எங்கட ஆக்கள்தான்.