நிற்காமல் போன ரயில்கள்

கட்டட வேலை தொடங்கும் இடத்தில் முதலில் வேலி போட்டு வெளியாட்களைத் தடுப்பார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி பேர் வந்துபோகும் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் அது நடக்கிற காரியமா? 1836-இல் திறந்து, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த நிலையம் அது. நிலையத்தை மூடிவிடாமல், 2013 முதல் 2018 வரை அதன் 15 நடைமேடைகளையும் புதிதாகக் கட்டினார்கள். செலவு சுமார் 100 கோடி பவுண்டு.

அங்கே தண்டவாளங்கள் செங்கல் வளைவுகளின் மேல் ஓடுகின்றன. பயணிகளுக்கான பெருங்கூடம் அந்த வளைவுகள் இருந்த இடத்தில், நடைமேடைகளுக்கு அடியில் வரவேண்டும். ஒரு வளைவை இடிக்கும்போது பக்கத்து வளைவின் மேல் ரயில் போய்க்கொண்டிருக்கும். எனவே சில நடைமேடைகளை மட்டும் அடைப்பது, இடித்துக் கட்டித் திறப்பது, பிறகு அடுத்தவற்றுக்கு நகர்வது என்று வேலை படிப்படியாக நடந்தது. கூரைப் பகுதிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். உயரத்தில் ஆள் நின்று செய்யும் வேலை அந்த அளவுக்குக் குறைந்தது.

ஆனால் துணிச்சலான முடிவு கால அட்டவணையில்தான் இருந்தது. 2015 ஜனவரியிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை சாரிங் கிராஸ் நிலையத்துக்குப் போய்வரும் ரயில்கள் இங்கே நிற்கவே இல்லை. அதன்பின் 2018 ஜனவரி வரை கேனன் ஸ்ட்ரீட் ரயில்களின் முறை. தலைக்கவசம் தொழிலாளியைக் காக்கும். கூட்டத்தைக் குறைக்க ரயிலைத்தான் நிறுத்தாமல் விட வேண்டும்.

இவ்வளவு யோசித்தும் சறுக்கினார்கள். 2015 மார்ச்சில் ஒரு மாலை, ரயில்கள் தாமதமாகி நெரிசல் முற்றியபோது, பயணிகள் டிக்கெட் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள். அந்த நெரிசலைக் கிரேனோ, சாரமோ உண்டாக்கவில்லை. புதிய அட்டவணை தாங்காததுதான் கோளாறு. இதுபோன்ற திட்டமிடல் குறைகளுக்காக, திட்டத்தை நடத்திய நெட்வொர்க் ரயில் நிறுவனத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் 20 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் ரயில் அட்டவணையும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பாடம் கிடைக்காது.

நம் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலும் இதே கணக்குதான். 1908-ஆம் ஆண்டின் சிவப்புக் கட்டடத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருபுறமும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அந்த வேலைக்காக 2025-இல் சில விரைவு ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். மூட்டை முடிச்சோடு தாம்பரம் போக நேர்ந்தவர்கள் சலித்துக்கொண்டால் அது நியாயமே. அவர்கள் எழும்பூருக்கு வந்திருந்தால், வேலை நடக்கும் இடத்தை ஒட்டி மீதமிருந்த வழிகளில்தான் நடந்திருப்பார்கள்.