பளபளப்புக்கு அடியில்

பழைய ஃபைபர் படகுக்கு மெருகு ஏற்றுவது அழகு வேலை மட்டுமல்ல. படகை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கக் கிடைக்கும் வாய்ப்பும் அதுதான்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறுகிறவர்கள் தேக்கடி ஏரியைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. கோவையிலிருந்து வாளையாறு தாண்டுகிறவர்களுக்கு மலம்புழா அணை. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழக எல்லையை ஒட்டிய இந்த நீர்த்தேக்கங்களில் படகுச் சவாரிதான் முக்கிய ஈர்ப்பு. டிக்கெட்டோடு துறையில் நிற்கும் பயணி, படகை அதன் பளபளப்பை வைத்தே எடைபோடுகிறார். மங்கியிருந்தால் பழசு, மின்னினால் பத்திரம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு தேக்கடியிலேயே பொய்த்தது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே கவிழ்ந்த 'ஜலகன்யகா' புத்தம் புதுப் படகு; ஏரியில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 45 பேர் இறந்தார்கள். பிறகு கேள்விக்குள்ளானவை படகின் நிலைப்புத் தன்மையும் அதில் ஏறிய கூட்டமும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 உயிர்களைப் பலிகொண்டது, உல்லாசப் படகாக மாற்றப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு. மேல்பூச்சு எவ்வளவு மின்னினாலும் இந்த மாதிரிக் குறைகளைச் சொல்லாது.

ஆனால் மேல்பூச்சு வேறு பலவற்றைச் சொல்லும். ஃபைபர் படகு வெளியிலிருந்து உள்ளே கட்டப்படுகிறது. மெழுகு தடவிய அச்சில் முதலில் அடிப்பது 'ஜெல்கோட்' என்ற வண்ணப் பிசின். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அது இறுகியதும் கண்ணாடி இழைப் பாய்களைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்குகிறார்கள். அச்சிலிருந்து எடுத்ததும் மின்னுவது அந்த முதல் பூச்சு. படகின் பலம் இழையில் இருக்கிறது. ஜெல்கோட், வெயிலும் தண்ணீரும் அந்த இழையை அண்டாமல் காக்கும் தோல். அமெரிக்காவின் ஓஹையோவில் 1942இல் ரே கிரீன் இந்த முறையில் சிறு படகு செய்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. மோட்டார் படகானாலும் பாய்மரப் படகானாலும் தோல் ஒன்றுதான்.

தோலின் முதல் எதிரி வெயில். வெள்ளைத் துணியால் படகின் பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி தூள் ஒட்டினால் மேற்பரப்பு சிதையத் தொடங்கிவிட்டது. இரண்டாவது எதிரி தண்ணீர், அதிலும் நல்ல தண்ணீர். உப்பு நீர்தான் படகை அரிக்கும் என்பது பொது நம்பிக்கை. ஃபைபர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஜெல்கோட் வழியே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே ரெசினின் மிச்சங்களைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுக்கிறது. வெளியே உப்பு இல்லாவிட்டால் இழுப்பு இன்னும் வலுக்கும். விளைவு, நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள். குத்தினால் புளிப்பு நெடியுள்ள நீர் வரும். ஆண்டு முழுக்க ஏரியிலேயே மிதக்கும் படகுகள் இந்த நோய்க்கு எளிய இரை.

இனி மெருகு. முதலில் கழுவி, பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுக்க எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேய்த்தால் மெழுகு பள்ளங்களுக்குள் போய் அடுத்த பூச்சை ஒட்டவிடாது. இலேசான மங்கலுக்கு ரப்பிங் காம்பவுண்டே போதும். அதில் சரியாகாவிட்டால்தான் வாட்டர் பேப்பர்: தண்ணீர் விட்டபடி 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக. பிறகு காம்பவுண்ட், பாலிஷ், கடைசியில் மெழுகு. அரை மில்லிமீட்டர் தோலில் ஒவ்வொரு தேய்ப்பும் கொஞ்சத்தைத் தின்கிறது என்பது நினைவிருக்கட்டும். இழையின் நெசவு தெரிந்தால் தேய்ப்பை நிறுத்திவிட்டு, புதிய ஜெல்கோட்டோ இரட்டைக் கலவைப் பாலியுரேதேன் பெயின்டோ அடிக்க வேண்டியதுதான்.

விரிசல்களுக்கு மேலோட்டமாகப் பட்டி பார்த்தால் அடுத்த சீசனில் திரும்பி வரும். 'வி' வடிவில் குடைந்து திறந்து, அடி இழை உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஜெல்கோட் பட்டி. நட்சத்திரம் போலச் சிதறிய விரிசல், மோதலின் அடையாளம். பாய்மரத்தின் அடி, கம்பிகளைத் தாங்கும் தகடுகள், சுக்கான் பொருத்து, அடிக்கட்டை இணையும் இடம் ஆகிய இடங்களில் விரிசல் என்றால் பெயின்டரை விடப் படகு கட்டுகிறவர்தான் தேவை. பிளாஸ்டிக் சுத்தியால் உடல் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்ற சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கக்கூடும். கொப்புளங்களைத் திறந்து, கழுவி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்ஸித் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் நோயை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும். தேக்கடிப் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும். எனவே பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை.

ஆளுக்கும் ஆபத்து உண்டு. ரெசினை இறுக்கும் ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதைக் கோபால்ட் முடுக்கியோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். பாலியுரேதேனை ஸ்ப்ரே செய்யும்போது வரும் ஐசோசயனேட் ஆவிக்கு, மூக்கில் கட்டும் கைக்குட்டை போதாது.

இத்தனை சிரமம் பழைய படகுக்குத் தேவையா? 2022 செப்டம்பரில் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில், தனியாக இடைநில்லாமல் உலகைச் சுற்ற அனுமதிக்கப்பட்டவை 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட மாதிரிப் படகுகளே. கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 'பயானத்' என்ற ரஸ்ட்லர் 36 ஃபைபர் படகில் 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். வயதான வடிவம் குறையல்ல. கவனிப்பாரற்ற உடல்தான் குறை.

அந்தக் கவனிப்புக்கு மெருகு நாட்களே நல்ல நேரம். படகு கரையில் கிடக்கிறது, ஒருவரின் கை அதன் உடல் முழுவதையும் தொடுகிறது. கண்டதைக் குறித்துவைத்துச் சரிசெய்கிற உரிமையாளருக்குப் பளபளப்பு இலவச இணைப்பு. கண்டதை மறைத்துப் பூசுகிறவரின் படகில் நாம்தான் ஏறுகிறோம். இன்ஜின் படகுகளுக்குச் சர்வேயும் பதிவும் கட்டாயம் என்கிறது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். அடுத்த முறை துறையில் நிற்கும்போது, மின்னுகிறதா என்பதை விட்டு, எத்தனை பேருக்கு அனுமதி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, கடைசியாக எப்போது சர்வே நடந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஏரியைக் கரையிலிருந்தே ரசிக்கலாம்.