ஜிக்சோ வாள் வாங்கப் போகிறீர்களா?

தையல் மெசினின் ஊசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறிய வாளைப் பொருத்தினால் என்ன ஆகும்? 1946ஆம் ஆண்டில் அல்பெர்ட் காஃப்மன் என்பவர் இதைத்தான் செய்து பார்த்தார். அவர் சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் நகரில், சின்டில்லா என்ற கம்பனியில் பொறியியலாளராக இருந்தவர். மெசினோ அவருடைய மனைவியுடையது! ஊசி மேலும் கீழும் ஓடுவதைப் போலவே வாளும் ஓடியது, மரம் வெட்டுப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அக்கம்பனி ‘லெஸ்டோ’ என்ற பெயரில், கையிற் பிடித்து வெட்டும் மின்வாளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பிற்காலத்தில் அந்தக் கம்பனி போஷ் நிறுவனத்தின் வசமாயிற்று. இன்று நமது ஹாட்வெயார் கடைகளில் ‘ஜிக்சோ’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது இதன் வாரிசைத்தான்.

சகோதரிகளே! மரவேலை பற்றி நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அண்மையில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் வந்து, “மௌலவி, மூத்தவன் ஓ.எல். எழுதிட்டு வீட்டில சும்மா இரிக்கான். பலகையில எழுத்து வெட்டி விக்கப் போறானாம். எழுநூறு வாட்ஸ் மெசின், பெரிசு எண்டு கடைக்காரர் சொல்றார். சீட்டுக் காசு வந்திரிக்கு, குடுக்கட்டா?” என்று கேட்டார். நல்ல முயற்சிதான். ஆனால் மாதா மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை ஒரு பெட்டியின் மேலுள்ள இலக்கத்தைப் பார்த்துக் கொடுத்துவிடலாமா? மகன் எதை வெட்டப் போகிறான், எவ்வளவு தடித்த பலகையில் வெட்டப் போகிறான் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்!

ஜிக்சோ வளைவுகளுக்கான வாள். எழுத்துக்கள், விளையாட்டுப் பொருட்கள், சுவரில் மாட்டும் தட்டுக்களின் விளிம்புகள், கழுவு தொட்டிக்காக மேசைப் பலகையில் விடும் ஓட்டை, இவைதான் அதன் வேலை. எட்டடிப் பலகையை நேராக நீளவாக்கில் பிளப்பதற்கு வட்டவாள் இருக்கிறது. முதிரை போன்ற வைர மரத்தின் தடித்த சட்டத்தை ஜிக்சோவிடம் கொடுத்தால் மெசினும் சூடேறும், பிளேட்டும் வளையும். பெட்டியில் இரண்டரை அங்குலம் வரை வெட்டும் என்று போட்டிருக்கும். வெட்டத்தான் செய்யும், ஆனால் வளைவில் திரும்பும்போது மேலே கோட்டிலும், கீழே கோட்டுக்கு வெளியிலும் போயிருக்கும். முக்கால் அங்குலப் பலகை, பிளைவுட், எம்.டி.எஃப். என்றால் மனநிறைவோடு வாங்கலாம்.

இனி, தையல் தெரிந்த உங்களுக்கு இந்த மெசின் புதிதல்ல. ஊசிக்குப் பதிலாக பிளேட். துணியை அழுத்தும் பாதத்துக்குப் பதிலாகப் பலகையில் அமரும் அடித்தட்டு. கால் மிதிக்குப் பதிலாக விரலால் அழுத்தும் விசை. நல்ல மெசினிலே மோசமான ஊசியைப் போட்டால் துணி என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். மெசினை விட பிளேட்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. பெரிய பற்கள் ஐதாக உள்ள பிளேட் விரைவாக வெட்டும், விளிம்பைக் கிழித்துவிடும். சிறிய பற்கள் நெருக்கமாக உள்ளது மெதுவாக, சுத்தமாக வெட்டும். அகலமான பிளேட் நேராக ஓடும். ஒடுங்கியதுதான் வளைவில் திரும்பும். போஷ் பிளேட்டுகளில் டி 144 டி என்பது விரைவான முரட்டு வெட்டுக்கு, டி 101 பி சுத்தமான வெட்டுக்கு, டி 101 ஏஓ மெல்லிய பலகையில் நுணுக்கமான வளைவுக்கு. எழுத்து வெட்டப் போகிற பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்னதே தேவை. மெசினோடு இலவசமாக வரும் ஒரேயொரு பிளேட் பெரும்பாலும் அதுவாக இருக்காது.

ஊசிக்கும் பிளேட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஊசி கீழே போகும்போது வேலை செய்கிறது. சாதாரண பிளேட்டின் பற்களோ மேல்நோக்கி இருப்பதால் மேலே வரும்போதுதான் வெட்டுகிறது. ஆகவே பலகையின் மேற்பக்கம் சிலும்பும், கீழ்ப்பக்கம் அழகாக இருக்கும். இதை அறிந்தவர்கள் நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டுவார்கள். எழுத்து என்றால் கண்ணாடியில் தெரிவது போல் தலைகீழாக வரைய வேண்டும். ‘ஜீம்’ எழுத்தை நேராக வரைந்து வெட்டிவிட்டு, புரட்டிப் பார்த்தால் அது எந்த மொழியின் எழுத்தாகவும் இராது! பற்கள் கீழ்நோக்கிய பிளேட்டும் விற்கிறார்கள் (டி 101 பிஆர்). அதைப் பூட்டினால் மெசின் மேலே எழும்பப் பார்க்கும். அழுத்திப் பிடிக்கக் கை பலம் வேண்டும். ‘வாவ்’, ‘மீம்’ இவற்றின் கண்ணை வெட்டுவதற்கு முதலில் டிரில்லால் ஓர் ஓட்டை போட்டு, அதற்குள் பிளேட்டை விட்டுத்தான் தொடங்க வேண்டும். எனவே டிரில் இல்லாத வீட்டில் அதற்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வாட்ஸ் விடயத்துக்கு வருவோம். முக்கால் அங்குலப் பலகைக்கு ஐந்நூறு வாட்ஸ் மெசினே தாராளமாகப் போதும். அதை விடக் கவனிக்க வேண்டியது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதா என்பது. நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை வரை ஓடும் பிளேட், பிளாஸ்டிக் தகட்டை அதே வேகத்தில் வெட்டினால் அதை உருக்கிவிடும். தகரத்துக்கும் வேகம் குறைவாக வேண்டும். பக்கத்தில் 0 முதல் 3 வரை இலக்கமிட்ட ஒரு சிறு நெம்பும் இருக்கலாம். அது பிளேட்டை முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போல ஆட்டி, வெட்டை விரைவாக்குகிறது. விளிம்பு சுத்தமாக வர வேண்டுமானால், இறுக்கமான வளைவுகளில், அதைச் சைபரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் 3இல் வைத்துவிட்டு மெசினைக் குறை சொல்லும் ஓடாவிமாரும் இருக்கிறார்கள்.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கினாலும் ஊர்ச் சந்தியில் வாங்கினாலும், மெசினைக் கையில் எடுத்துப் பார்ப்பது உங்கள் உரிமை. அடித்தட்டு மெல்லிய தகரத்தை மடித்ததா, வார்த்த அலுமினியமா? தகரத் தட்டு ஒரு தடவை கீழே விழுந்தால் கோணும். பிறகு எந்த வெட்டும் செங்குத்தாக வராது. ஒரு பிளேட்டைப் பூட்டி இயக்கி, முன்னாலிருந்து பாருங்கள். நேர்க்கோடாகத் தெரிய வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. பிளேட்டின் முதுகைத் தாங்கும் சிறு உருளை அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். பிளேட்டின் அடிப்பாகம் ‘டி’ வடிவில் இருக்கும் இனத்தைப் பிடிக்கும் மெசினையே வாங்குங்கள். எந்தக் கடையிலும் பிளேட் கிடைக்கும். திருகாணி முறுக்கிப் பூட்டும் பழைய இனத்தை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

மெசின் இரண்டு, இரண்டரை கிலோ வரை கனக்கும். மேலே வளையம் போன்ற கைபிடி உள்ளது ஒரு வகை; உடலையே தாழப் பிடிப்பது இன்னொரு வகை. வளைவு வெட்ட இரண்டாவதுதான் சிறந்தது என்பார்கள். அதன் உடல் பருமன் என்பதால் சிறிய கைகளுக்கு அது அடங்குவதில்லை. வெட்டப் போவது மகளாக இருந்தால் மகளையும் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த மெசின்கள் மலிவாகக் கிடைக்கும், தரமும் குறைவில்லை. ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரே செருகினால் மோட்டார் கருகிவிடும். மின்மாற்றி வாங்கும் செலவையும் கூட்டினால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டி வரும். பற்றரியில் ஓடும் மெசின் வசதியானது. எனினும் பற்றரியும் சார்ஜரும் தனியே விலையாகும். அதே பற்றரியில் ஓடும் டிரில் ஏற்கனவே வீட்டில் இருந்தாலன்றி, வயர் உள்ளதே சிக்கனம்.

அந்தத் தாயாருக்கும் இதைத்தான் சொன்னேன்: ஐந்நூறு வாட்ஸ், வேகச் சக்கரம், வார்த்த அடித்தட்டு. மிஞ்சும் காசில் இரண்டு வகை பிளேட்டும், பலகையை மேசையோடு இறுக்க இரண்டு கிளாம்பும்.

கிளாம்பை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். ஒரு கையால் பலகையையும் மறு கையால் மெசினையும் பிடிப்பவருடைய விரல் பலகைக்கு அடியில் போகிறது. அங்கேதான் பிளேட்டின் நுனி ஓடிக்கொண்டிருக்கிறது. ஷோல், முந்தானை, நீளக் கை இவற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எம்.டி.எஃப். தூள் மாவை விட மெல்லியது. மூக்குக் கவசம், கண்ணாடி இல்லாமல் வெட்டக் கூடாது, குழந்தை தூங்கும் அறையில் வெட்டவே கூடாது. பிளேட் முற்றாக நின்ற பிறகே மெசினைத் தூக்குங்கள். மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். வெட்டி முடித்த கையோடு பிளேட்டைத் தொட வேண்டாம், அது தோசைக்கல்லைப் போலச் சுடும்.