ஒரு குடும்பம் காட்டிய வழி

நியூஸிலாந்திலே, மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக இளம் வயதினர் பலர் இரைப்பைப் புற்றுநோயால் அகால மரணம் அடைந்துவர, அதன் காரணத்தை அறிய விரும்பி அக்குடும்பத்தாரே விஞ்ஞானிகளை நாடினார்கள். அந்தத் துணிவு போற்றத்தக்கது. ஒடாகோ சர்வகலாசாலையின் பாரி கில்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, ‘சி.டி.எச்.1’ என்னும் மரபணுவில் நேர்ந்த திரிபே காரணம் என்று 1998-இல் வெளியிட்டார்கள். உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணு. அது கெட்டால், அணுக்கள் பிணைப்பிழந்து இரைப்பைச் சுவருக்குள் தனித்தனியே ஊடுருவுவதால், கட்டியாகத் திரளாத அந்நோய் ஆரம்பத்தில் எளிதாகப் புலப்படுவதில்லை. முற்றியபின் கண்டாலோ பிழைப்பது அரிது. ஆகையால், ரத்தப் பரிசோதனையில் இத்திரிபு இருப்பதாக அறிந்தவர்களில் அநேகர், நோய் தலைகாட்டுமுன்னரே இரைப்பை முழுவதையும் ரண சிகிச்சையால் அகற்றிக்கொண்டு, சிறுகச் சிறுக உண்டு ஜீவித்து வருகிறார்கள்.