ஏழு வாக்கும் ஒருவர்க்கே

இலண்டன் மாநகரின் முதற் பாடசாலைச் சபைக்கு 1870ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தேர்தல் நடந்தது. மேரிலிபோன் தொகுதிக்கு அங்கத்தவர் எழுவர். அங்கு நின்ற விஞ்ஞானப் பேரறிஞர் ஹக்ஸ்லி பெற்றவை 13,494 வாக்குகள். எலிசபெத் காரெட் என்னும் பெண் வைத்தியர் பெற்றவையோ 47,858!

இதனை வகுப்பிற் கூறியபோது, "ஐயா, அத்தனை பேரா வாக்களித்தனர்?" என வினவினான் ஒரு மாணவன். யான் அதுவரை எண்ணிப் பாராத வினா. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் ஏழு வாக்குகள்; பகிர்ந்தும் அளிக்கலாம், ஒருவர்க்கே முழுவதும் அளிக்கலாம். ஆகவே அவ்வெண் ஆட்களின் தொகையன்று. ஆயினும் ஹக்ஸ்லிக்கும் அதே விதிதானே?

வைத்தியக் கல்லூரிகள் சேர்க்க மறுத்தமையால், மருந்தாளர் சங்கத் தேர்வெழுதி 1865இல் தகுதி பெற்றவர் அவ்வம்மையார். பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அந்நாட்டுப் பெண்டிர்க்கு 1918 வரை கிட்டவில்லை. பாடசாலைச் சபைக்கோ வரியிறுக்கும் பெண்கள் வாக்களிக்கலாம். பெண்கள் நிற்கவும் செய்யலாம். கிரீனிச் தொகுதியில் எமிலி டேவிஸ் அம்மையாரும் அன்றே வென்றார்.

காரெட்டின் தேர்தற் குழுத் தலைவர் ஜேம்ஸ் அண்டர்சன். 1871இல் அவரையே அம்மையார் மணந்தார். வைத்தியத்தைக் கைவிட்டாரல்லர், மறுவருடமே பெண்களுக்கென வைத்தியசாலை நிறுவினார்.