சொல்லாமல் சொல்பவை – 9: குகைக்குள் மணி என்ன?

மயிலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. பிச்சாவரம் சேற்றில் பெருங்கொடுக்கை வீசிப் பெண்ணை அழைக்கும் பிடில் நண்டின் கதை போன வாரமே முடிந்துவிட்டது, நினைவிருக்கும். தோகையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன் 1981-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் சிக்கிக்கொண்டேன். மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் எழுதியது. நம் மதுரையின் வௌவால்களைப் பற்றியது. மயில் காத்திருக்கட்டும்.

எம்.கே. சந்திரசேகரன் முதலில் நண்டுக்காரர். சென்னைக் கடற்கரையில் அலை வந்துபோகும் மணலுக்குள் புதைந்துகொள்ளும் எமரிட்டா என்ற சிறு நண்டை ஆராய்ந்தவர். கடலை விட்டுப் பிரித்து ஆய்வகத்தில் வைத்தாலும் அது ஏற்றவற்றத்தின் தாளத்திலேயே சுறுசுறுப்பாகும், ஓயும் என்று காட்டினார். பிறகு ஜெர்மனியில் உயிர்க் கடிகார ஆய்வின் முன்னோடி எர்வின் பூனிங்கிடம் பயின்றார். 1970-களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்குக் கடல் இல்லை. குன்றுகளும் குகைகளும் இருந்தன. கீழக்குயில்குடியின் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் தாண்டிச் சமணச் சிற்பங்களைப் பார்க்கப் படியேறுகிறவர்களுக்கு அந்தப் பாறைகள் தெரியும். வௌவால் நாற்றமும் தெரியும்.

அவர்கள் செய்தது இதுதான். குகையின் உள்ளே, பகலிலும் துளி வெளிச்சம் எட்டாத இடத்தில், ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற பூச்சியுண்ணும் வௌவால் ஒன்றைத் தனிக் கூண்டில் வைத்தார்கள். அங்கே வெப்பமும் ஈரமும்கூட நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. பொழுது சாய்ந்ததை அது அறிய வழியே இல்லை. ஆனால் சுற்றிலும் அதன் இனத்தார் சுதந்திரமாக வாழ்ந்தார்கள். அந்தியில் கிளம்பினார்கள், விடியுமுன் திரும்பினார்கள். கூண்டிலிருந்த வௌவாலும் அவர்கள் கிளம்பும் நேரத்துக்கே பறக்கத் துடித்தது. நாள்கணக்கில் தவறவில்லை. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோதோ, அதன் உடல் கடிகாரம் தன் போக்கில் ஓடத் தொடங்கி 24 மணி நேரத்தை விட்டு விலகியது.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் தங்கியவர்களுக்கு இது புரியும். பூ வியாபாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும் சத்தமே அவர்களுக்கு அதிகாலை.

என்னை உலுக்கியது இதன் தொடர்ச்சி. 1983-ல் மாரிமுத்துவும் சந்திரசேகரனும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த டாபோசஸ் வௌவாலை அதே ஹிப்போசிடெரோஸ் குகையில் வைத்துப் பார்த்தார்கள். அத்தனை அமளியும் அதன் காதருகேதான் நடந்தது. அது பொருட்படுத்தவில்லை, அதன் கடிகாரம் யாரோடும் ஒத்துப்போகாமல் தனியே ஓடியது. ஓரினத்துக்கு மணி அடிக்கும் அதே ஆரவாரம் அடுத்த இனத்துக்கு ஒன்றுமேயில்லை. ஒலி எழுவது ஒரு பாதிதான், அதை எடுத்துக்கொள்ளும் காதுதான் மறுபாதி என்று இத்தனை வாரங்களாக நான் சொல்லிவருவதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குக் கிடைத்ததில்லை.

நண்டின் கொடுக்குவீச்சு சமிக்ஞை: பார்க்கப்படுவதற்கென்றே பரிணாமம் செதுக்கியது. அந்தியில் கிளம்பும் வௌவால் யாருக்கும் நேரம் சொல்லவில்லை, தன் வயிற்றுப்பாட்டுக்குப் போகிறது. அது துப்பு மட்டுமே, கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். கேட்கப்படுவதால் ஒலி எழுப்புபவருக்கும் ஆதாயம் வந்தால், துப்பு தலைமுறை தலைமுறையாகக் கூர்மைப்பட்டுச் சமிக்ஞையாகும். இழப்பு வந்தால்? அப்போது அமைதிதான் தேர்ந்தெடுக்கப்படும்.

அந்த இழப்புக்கும் சாட்சி மதுரையிலேயே உண்டு. மாரிமுத்துவும் ஜெர்மானியர் கெர்ஹார்ட் நோய்வைலரும் 1987-ல் எழுதிய கட்டுரை மெகாடெர்மா லைரா என்ற பெருங்காது வௌவாலைப் பற்றியது. இது தவளையையும் எலியையும் தூக்கிப்போகும் வேட்டைக்காரன். எதிரொலியால் வழியறியத் தெரிந்த இது, தரையில் இருக்கும் இரையைப் பிடிக்க நம்புவது இரை எழுப்பும் சன்னமான சரசரப்பைத்தான். அசையாமல் உட்கார்ந்த தவளை தப்பித்தது. குதித்துத் தரையில் விழுந்தது மாட்டியது. கோடை மழை பெய்த இரவில் வைகைக் கரைக் குட்டைகளில் தவளைகள் சட்டென்று அடங்கிப்போவதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்தபின் அந்த அடங்கலை அலட்சியமாகக் கேட்க முடியவில்லை.

ஆனால் ஆண் தவளை எப்போதும் வாய்மூடி இருக்க முடியாது. பெண்ணுக்குக் கேட்கும்படி கத்தினால் பகைக்கும் கேட்கும். பனாமாவில் டிராகோப்ஸ் என்ற வௌவால் துங்காரா தவளைகளின் குரலைக் கேட்டே வந்து பிடிப்பதை மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரையனும் 1980-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். அழைப்பு எவ்வளவு கவர்ச்சியோ அவ்வளவு ஆபத்து.

அழகர்மலை அடிவாரத்து மயிலுக்கும் இதே நெருக்கடிதான். விரித்த தோகையை அது நொடிக்கு ஏறக்குறைய 25 முறை சிலிர்க்கிறது. அந்த அதிர்வுக்கும் பெண்மயிலின் கொண்டைக்கும் என்ன தொடர்பு என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.